நடிகனாக விரும்புவோர்க்கு

(கேத்தியில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



நான் இன்று வேறொரு விஷயத்தைப் பற்றிப் பேசுவதாகத்தான் நோட்டீசில் போட்டிருக்கிறது. ஆனால் சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கியதும் இவ்வூர் வாலிபர்கள் நாலைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "ஐயா, எங்களில் இருவர் சினிமாவில் நடிக்கப் போவதென்று இருக்கிறோம். வீட்டில் கூத்தாடிப் பிழைப்பா என்று அடிக்க வருகிறார்கள். நம் இயக்கத்தாரோ சினிமா என்றாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். நாங்கள் போகலாமா, கூடாதா? போவதென்றால் எப்படிப் போவது?" என்று கேட்டார்கள். நோட்டீசில் உள்ள விஷயம் அடுத்த மாதமும் கெட்டுப் போகாது. இந்த வாலிபர்கள் அடுத்த வாரமே மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரசில் ஏறிவிடுவார்கள் போலிருக்கிறது. ஆகவே இதைப் பற்றியே பேசிவிடுகிறேன். நான் நடிகனல்ல. நடிகர்களோடும் நாடகக்காரர்களோடும் பழகியவன் என்ற அளவில் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன். உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

முதலில் இந்தக் 'கூத்தாடி' என்ற வசவைப் பற்றி. இந்த இழிவு எங்கிருந்து வந்தது? உங்கள் பாட்டனார் கண்டுபிடித்ததல்ல. மனு தர்மத்தில் நான்காம் அத்தியாயத்தில் நடிகன் கொடுக்கும் சோற்றைத் தின்னக்கூடாது என்றிருக்கிறது. எட்டாம் அத்தியாயத்தில் கூத்தாடியைச் சாட்சிக்குக் கூப்பிடக்கூடாது என்றிருக்கிறது. நாட்டிய சாஸ்திரத்தின் கடைசியில் ஒரு கதை சொல்லுகிறான். பரதருடைய பிள்ளைகள் ரிஷிகளைக் கேலி செய்து நடித்தார்களாம், ரிஷிகளுக்குக் கோபம் வந்து நீங்கள் சூத்திரர்களாகப் போங்கள் என்று சபித்தார்களாம். ஆக, நடிகன் கெட்டவன் என்பதற்கு அவர்கள் சொல்லும் ஆதாரமே அவன் பெரியவர்களைக் கேலி செய்தான் என்பதுதான்! நான் கேட்கிறேன், இதைவிட நல்ல யோக்கியதைச் சீட்டு ஒரு தொழிலுக்கு வேறென்ன வேண்டும்? எனவே அப்பா கூத்தாடி என்று திட்டினால், இது உங்கள் வார்த்தையல்ல, நம்மையும் சேர்த்துச் சூத்திரன் என்று சொன்னவன் வார்த்தை என்று மரியாதையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆனால் அதே அப்பா, "சோற்றுக்கு என்னடா செய்வாய்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் வீட்டை விட்டு ஓடாதீர்கள்.

இனி நம் இயக்கத்தாரின் முகச்சுளிப்பு. பெரியார் அவர்கள் சினிமாவைப் பற்றிக் கடுமையாகப் பேசியவர் என்பது உண்மைதான். ஆனால் அண்ணா எழுதிய 'சிவாஜி கண்ட இந்து இராஜ்யம்' நாடகத்தைப் பார்த்துவிட்டு, கணேசன் என்ற இளம் பையனுக்கு 'சிவாஜி' என்று பட்டம் கொடுத்தவரும் அவரேதான். எம்.ஆர். ராதா நாடகம் நடத்தினால் நம் தோழர்கள் பத்து மைல் நடந்து போய்ப் பார்த்தார்கள். அவருடைய நாடகங்களை நிறுத்துவதற்கென்றே 1954-ல் சென்னை சர்க்கார் ஒரு நாடகச் சட்டம் கொண்டு வந்தது. ஒரு நடிகனுடைய வாய்க்குப் பயந்து சட்டசபை கூட வேண்டியிருந்தது என்றால் அந்தத் தொழில் லேசான தொழிலல்ல என்று தெரிகிறதல்லவா? எனவே நடிக்கப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், தாராளமாகப் போகலாம் என்பதே.

எப்படிப் போவது என்பதுதான் சங்கடமான சங்கதி.

உங்கள் ஊர் ரயில் ஸ்டேஷனையே எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் வெளிவந்த 'மூன்றாம் பிறை' படத்தைப் பெரும்பாலும் இந்தக் கேத்தியிலேதான் எடுத்தார்கள். கடைசிக் காட்சி இந்த ஸ்டேஷனில் நடக்கிறது. மழையில் நனைந்துகொண்டு, தன்னை மறந்துபோன பெண்ணுக்குத் தன்னை ஞாபகப்படுத்துவதற்காக ஒரு மனிதன் குரங்கு மாதிரி ஆடிக் காட்டுகிறான், ரயில் போய்விடுகிறது. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் இன்றும் அந்த இடத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொள்ளுகிறார்கள். அந்தப் படத்திற்காக கமல்ஹாசனுக்கு அகில இந்தியச் சிறந்த நடிகர் விருது கொடுத்தார்கள். பார்க்கிறவன் என்ன சொல்லுகிறான்? "அதிர்ஷ்டம் ஐயா, எல்லாம் தலையெழுத்து" என்கிறான்.

அந்தத் தலையெழுத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அந்த மனிதர் 1960-ல் 'களத்தூர் கண்ணம்மா'வில் குழந்தையாக நடித்தவர். டி.கே. சண்முகத்தின் நாடகக் குழுவில் சேர்ந்து மேடையில் பயின்றவர். பிறகு நடன ஆசிரியருக்கு உதவியாளாக இருந்து மற்றவர்களை ஆட வைத்தவர். அவருக்குச் சொல்லிக்கொடுத்த டி.கே. சண்முகம் யார்? 1918-ல் ஆறு வயதுப் பையனாக மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகளின் நாடக சபையில் சேர்க்கப்பட்டவர். அவருக்காகவே சுவாமிகள் ஒரே இரவில் 'அபிமன்யு' நாடகத்தை எழுதி முடித்தார் என்பார்கள். பாடம், பாட்டு, நடை, நிற்கும் விதம், குரல் என்று அடித்து வளர்த்த சபை அது. அடித்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை, அது கொடுமைதான். ஆனால் 1918-ல் மதுரையில் ஆரம்பித்த பாடம் 1982-ல் உங்கள் கேத்தி ஸ்டேஷனில் வந்து முடிகிறது. இதில் தலையெழுத்து எங்கே புகுந்தது? பிரம்மா எந்த ஒத்திகைக்கு வந்தான்?

எம்.ஜி.ஆர். பசிக்காக ஏழு வயது வாக்கில் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார். 1936-ல் 'சதி லீலாவதி'யில் சிறு வேஷம். கதாநாயகனாக 'ராஜகுமாரி' வந்தது 1947-ல். நடுவில் 11 வருஷம்! சிவாஜி கணேசனும் சிறு பையனாக இருக்கும்போது, தான் அனாதை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்து, ஸ்திரீபார்ட் முதல் எல்லா வேஷமும் கட்டி, 1952-ல் 'பராசக்தி'க்கு வந்தார். நம் கண்ணுக்குத் தெரிவது 1947-ம் 1952-ம் மட்டும்தான். மீதியை யாரும் போஸ்டர் அடித்து ஒட்டுவதில்லை.

"அதெல்லாம் பழைய காலம், இப்பொழுது செல்போனில் ஒரு நிமிஷம் நடித்துப் போட்டால் போதும்" என்று ஒரு தோழர் அங்கே முணுமுணுக்கிறார். நல்லது, போடுங்கள், காசா பணமா? ஆனால் ஒரு நிமிஷம் நன்றாக நடிக்கிறவனை இரண்டரை மணி நேரம் நடிக்கச் சொன்னால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இக்காலத்து உதாரணமே சொல்லுகிறேன். விஜய் சேதுபதி துபாயில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். திரும்பி வந்து, ந. முத்துசாமி 1977-ல் ஆரம்பித்த கூத்துப்பட்டறையில் கணக்கராகவே வேலைக்குச் சேர்ந்தார். கணக்கு எழுதிக்கொண்டே மற்றவர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார். கூட்டத்தில் ஒருவராக, நண்பனாக, பேர் தெரியாத வேஷங்களில் பல வருஷம் வந்து போனார். 2010-ல்தான் 'தென்மேற்குப் பருவக்காற்று' கிடைத்தது. ரஜினிகாந்த் பெங்களூரில் பஸ் கண்டக்டர். அவரும் 1973-ல் சென்னைக்கு வந்து பிலிம் சேம்பர் நடத்திய நடிப்புப் பள்ளியில் முறையாகப் படித்தார். அங்கேதான் பாலசந்தர் கண்ணில் பட்டார். அவர் படிப்பதற்குக் கூட வேலை பார்த்த ஒரு தொழிலாளி தம் சம்பளத்திலிருந்து உதவினார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. சாமி கும்பிட்டு வந்த பணமல்ல அது, டிரைவர் சம்பளம்!

உங்கள் மலையிலேயே பிறந்தவர் சாய் பல்லவி. கோத்தகிரியில் பிறந்த படகர் வீட்டுப் பெண். 2015-ல் 'பிரேமம்' படத்தில் நடித்தபோது அவர் ஜார்ஜியா தேசத்தில் வைத்தியப் படிப்பு படித்துக்கொண்டிருந்தார். நடித்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படிப்பை முடித்தார். இதை நம் வாலிபர்கள் நன்றாகக் கவனிக்க வேண்டும். 2019-ல் முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம் விளம்பரத்திற்கு இரண்டு கோடி ரூபாய் கொடுப்பதாகச் சொல்லியும் அவர் மறுத்துவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படி மறுக்கும் தைரியம் அவர் சுபாவமாகவே இருக்கலாம். ஆனால் கையில் வேறொரு தொழில் இருக்கிறவனுக்கு 'மாட்டேன்' என்று சொல்லுவது சுலபம் என்பதும் உண்மை. கையில் ஒன்றுமில்லாமல் கோடம்பாக்கத்தில் போய் நிற்கிறவன் எதற்கும் தலையாட்ட வேண்டியிருக்கிறது. ஆகையால் முதலில் ஒரு தொழில் கற்றுக்கொள்ளுங்கள். எலக்ட்ரிக் வேலையோ, டிரைவர் வேலையோ, கணக்கோ, சமையலோ, எதுவானாலும் சரி. பட்டணத்தில் மாதத்தில் நாலு நாள் நடிப்பு வேலை கிடைத்தால் மீதி 26 நாளும் வயிறு சும்மா இருக்காது. இதுதான் உங்கள் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதில்.

படிப்பதற்கு இடம் இல்லாமலில்லை. டில்லியில் 1959 முதல் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது; மூன்று வருஷப் படிப்பு, எடுத்துக்கொள்ளப்பட்ட மாணவர்களுக்கு உதவிப் பணமும் உண்டு. புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை இருக்கிறது. தரமணியில் சர்க்கார் பள்ளியில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு முதலியவை சொல்லிக்கொடுக்கிறார்கள். சினிமா என்றால் முகத்தைக் காட்டுவது ஒன்றுதான் என்று நினைக்கிறோம். காமிராவுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு வழுக்கை விழுந்தாலும் வேலை போவதில்லை!

இனி, வாலிபர்கள் ஏமாறுகிற இடம். எனக்குத் தெரிந்த ஒரு பையன், இந்த மலைத் தோட்டத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஒரு ஆள் கீழே இருந்து வந்து, பெரிய படத்தில் கதாநாயகனுக்குத் தம்பி வேஷம் இருக்கிறது, சங்கத்தில் கார்டு வாங்க வேண்டும், போட்டோ ஆல்பம் எடுக்க வேண்டும் என்று சொல்லி அவன் தாயாரின் தோட்டைக் கழற்ற வைத்துவிட்டான். அடகு வைத்து முப்பதாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். ஆல்பம் வந்தது. வேஷம் வரவில்லை. பிறகு டெலிபோனை எடுப்பவரும் இல்லை. அந்தப் பையன் என்னிடம் வந்து என்ன சொன்னான் தெரியுமா? "எனக்கு நேரம் சரியில்லை ஐயா" என்றான். நேரம் என்ன செய்தது? பணத்தை வாங்கிக்கொண்டு போனது கிரகமா, மனிதனா? கிரகத்தின்மேல் பழியைப் போட்டதால் அவன் போலீசுக்கும் போகவில்லை, பக்கத்து வீட்டுப் பையனுக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் அதே ஆள் பக்கத்துத் தோட்டத்தில் இன்னொரு தாயாரின் தோட்டைக் கழற்றினான். மூடநம்பிக்கையினால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கிறார்களே, இதுதான் நஷ்டம். முப்பதாயிரம் ரூபாய், ஒரு ஜோடித் தோடு.

தோழர்களே, இங்கே இருப்பவர்களில் பாதிப்பேர் தேயிலை விவசாயிகள், மற்றவர்கள் தொழிலாளிகள். பச்சைத்தேயிலைக்குக் கிலோவுக்கு என்ன விலை என்று கேட்காமல் மூட்டையைத் தூக்கிக் கொடுப்பவர் உங்களில் யாராவது உண்டா? எடை போடும்போது தராசைப் பார்க்காமல் மலையைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்களா? பேக்டரிக்காரன், "உன் இலையை வாங்கிக்கொள்ளுகிறேன், அதற்கு நீ எனக்குப் பணம் கொடு" என்றால் சிரிக்கமாட்டீர்களா? நடிப்பிலும் அதே கணக்குத்தான். வேலை செய்கிறவனுக்குத்தான் கூலி. வேலை கொடுப்பவனுக்கு எந்த நாட்டிலும் கூலி கிடையாது. வேஷம் தருகிறேன் என்று பணம் கேட்கிறவன் யாராயிருந்தாலும், எந்தப் பெரிய மனிதரோடு போட்டோ வைத்திருந்தாலும், வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆள் தேர்வுக்குக் கட்டணம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். வெளிச்சத்தில் நேராக நின்று செல்போனில் எடுத்த நாலு போட்டோவும், தெளிவாகப் பேசிப் பதிவு செய்த இரண்டு நிமிஷமும் ஆரம்பத்திற்குப் போதும்.

இந்த மலைக்கு அடிக்கடி படம் எடுக்க வருகிறார்கள். கூட்டத்தில் நிற்பதற்கு உங்கள் ஊர் ஆட்களையே கூப்பிடுகிறார்கள். போங்கள், காமிரா எங்கே வைக்கிறார்கள், ஒரு காட்சியை எத்தனை தடவை எடுக்கிறார்கள் என்று கூலியோடு கற்றுக்கொள்ளலாம். ஆனால் நாள் கூலி எவ்வளவு, பேட்டா உண்டா, இரவு எத்தனை மணிக்கு விடுவார்கள், பனியில் நிற்க வேண்டுமானால் வண்டி யார் கொண்டுவந்து விடுவது, நடுவில் இருக்கும் ஏஜெண்டுக்கு எவ்வளவு போகிறது என்பதை முதல் நாளே பத்துப் பேர் சேர்ந்து கேளுங்கள். தனியாகக் கேட்டால் வாயாடி என்று தள்ளிவிடுவான். வசனம் பேசும் வேஷம் கிடைத்தால் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம், முன்பணம் எவ்வளவு, குரல் பதிவுக்குத் தனியாக உண்டா என்பதையெல்லாம் காகிதத்தில் எழுதி வாங்குங்கள். "நம்பிக்கை இல்லையா?" என்று கேட்பார்கள். நம்பிக்கையில் நமக்கு நம்பிக்கை கிடையாது என்று சொல்லுங்கள்!

குழந்தைகளை நடிக்க விடும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. இதற்குச் சட்டத்தில் விதி இருக்கிறது. 2017-ல் செய்த விதிப்படி குழந்தையை ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்திற்கு மேல் நடிக்க வைக்கக்கூடாது. மூன்று மணிக்கு மேல் தொடர்ந்து ஓய்வில்லாமல் வேலை வாங்கக்கூடாது. மாவட்ட அதிகாரியின் அனுமதி வேண்டும். சம்பாத்தியத்தில் நூற்றுக்கு 20 பங்காவது குழந்தை பேரில் பாங்கியில் போட வேண்டும். மூன்றாம் பிறையில் நடித்த ஸ்ரீதேவி குழந்தையாக முருகன் வேஷம் போட்டுச் சம்பாதிக்க ஆரம்பித்தவர். அக்காலத்தில் இந்த விதியெல்லாம் கிடையாது. குழந்தை தூங்கி விழுந்தாலும், சாமி வேஷம் என்பதற்காகப் பார்க்கிறவர்கள் கும்பிட்டார்களே தவிர தூங்க விடச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

பெண்கள் விஷயத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது. தமிழ்ப் பேசும்படத்தின் முதல் கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. குழந்தையிலேயே கல்யாணம் செய்துவைக்கப்பட்டு, அது முறிந்து, பிழைப்புக்கு நாடகத்திற்கு வந்தவர். 1931-ல் 'காளிதாஸ்', 1936-ல் 'மிஸ் கமலா' என்ற படத்தைத் தாமே இயக்கினார். அதே காலத்தில் திருவனந்தபுரத்தில் இன்னொரு சங்கதி நடந்தது. மலையாளத்தின் முதல் படத்தில் பி.கே. ரோசி என்ற புலையர் ஜாதிப் பெண் நாயர் ஸ்திரீயாக நடித்தார். எடுத்தவர் அகஸ்தீஸ்வரத்துத் தமிழர் ஜே.சி. டேனியல். தீண்டப்படாதவள் நாயர் பெண்ணாக நடிப்பதா என்று கொட்டகையில் திரையின்மேல் கல்லெறிந்தார்கள். அவர் வீட்டைக் கொளுத்தினார்கள். அந்தப் பெண் ஊரை விட்டு ஓடி, நாகர்கோவில் பக்கம் வந்து, தான் நடிகை என்பதையே சொல்லாமல் வாழ்ந்து முடித்தார். ராமன் வேஷம் போடுகிறவன் ராமன் ஜாதியா என்று எவனும் கேட்டதில்லை. கீழே இருக்கிறவன் மேலே நடித்தால் மட்டும் கல்! அந்தப் படத்தில் அவர் நடித்த ஒரு துண்டுகூட இன்று கிடையாது.

மறுபடியும் கேத்திக்கே வருகிறேன். மூன்றாம் பிறையில் தலைமை ஆசிரியர் மனைவியாக வந்தவர் சில்க் ஸ்மிதா. ஆந்திர தேசத்து ஏழை வீட்டுப் பெண், பெயர் விஜயலட்சுமி. நடிகைகளுக்கு முகப்பூச்சுச் சரிசெய்யும் வேலையில் ஆரம்பித்து, 1980-ல் 'வண்டிச்சக்கரம்' படத்தில் சில்க் என்ற சாராயக்கடைப் பெண்ணாக வந்தார். அதோடு அவருடைய பெயரும் போயிற்று, வேஷமும் தீர்மானமாயிற்று. அவர் நன்றாக நடிக்கக்கூடியவர் என்று பிற்பாடு எல்லோரும் எழுதினார்கள். இருக்கும்போது ஆடவைத்துப் பார்த்தார்கள். அவர் ஆட்டம் இருந்தால்தான் படம் விலை போகும் என்று எடுத்து முடித்த படங்களில்கூடக் கொண்டுவந்து ஒட்டினார்கள். 1996-ல் 35 வயதில் செத்துப் போனார். அவரைப் பார்க்கக் கொட்டகைக்குப் போனவர்களே அவரை ஒழுக்கமற்றவள் என்று பேசினார்கள். காசு கொடுத்துப் பார்த்தவனுக்கு ஒழுக்கம் உண்டாம், கூலிக்கு ஆடியவளுக்கு இல்லையாம். இந்த நியாயம் எந்தக் கோர்ட்டில் செல்லும்?

அவரை வைத்து எழுதப்பட்ட இந்திப் படம் 2011-ல் வந்தது. அதில் நடித்து அகில இந்திய விருது வாங்கியவர் வித்யா பாலன். இவரைத்தான் முன்பு நம் தென்னாட்டில் ராசியில்லாதவள் என்று துரத்தினார்கள். ஒரு மலையாளப் படம் பாதியில் நின்றுபோனதற்கு இவர்தான் காரணம் என்று சொல்லி, ஒப்புக்கொண்ட படங்களிலிருந்தெல்லாம் எடுத்துவிட்டார்கள். படம் எடுப்பதில் சிக்கல், படம் நின்றது. பழி மட்டும் பெண்ணின் ஜாதகத்தின்மேல்! அதே ஆள் அடுத்த படத்திற்குத் தேங்காய் உடைத்து, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துத்தான் ஆரம்பித்திருப்பான். வருஷத்திற்கு வருகிற படங்களில் பெரும்பாலானவை நஷ்டமாகின்றன. அத்தனைக்கும் பூசை போட்டிருக்கிறான். எலுமிச்சம்பழத்தின் ராசியை ஏன் எவனும் விசாரிப்பதில்லை?

2017-ல் கேரளத்தில் ஒரு நடிகை கடத்தப்பட்டுத் துன்புறுத்தப்பட்ட பிறகு நீதிபதி ஹேமா தலைமையில் ஒரு கமிட்டி போட்டார்கள். 2019 கடைசியில் அறிக்கை கொடுத்தார்கள். சர்க்கார் அதை 2024 ஆகஸ்டு வரையில் வெளியிடவில்லை. வெளிவந்தபோது, வேஷம் வேண்டுமென்றால் உடன்பட வேண்டும் என்று கேட்பது, பெண்களுக்கு உடை மாற்றவும் கழிப்பறைக்கும் இடமில்லாதது, எதிர்த்துப் பேசினால் வேலையே இல்லாமல் செய்வது எல்லாம் பச்சையாகத் தெரிந்தது. இதைச் சொல்லி, "பார்த்தாயா, அதனால்தான் பெண்ணை அனுப்பக்கூடாது" என்று முடித்துவிடுவார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். திருடன் இருக்கிறான் என்பதற்காகத் திருடனை விட்டுவிட்டு வீட்டுக்காரியைப் பூட்டி வைப்பதா? 2013-ல் வந்த சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பெண்கள் புகார் சொல்ல ஒரு குழு இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் மாவட்டத்தில் உள்ள குழுவிடம் எழுதிக் கொடுக்கலாம். படப்பிடிப்பும் வேலை செய்கிற இடம்தான். நடிக்கப் போகும் பெண், சம்பளம் கேட்பதற்கு முன்னால் அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்கட்டும். ஆள் தேர்வு என்று ஓட்டல் அறைக்குத் தனியாக வரச் சொன்னால் போகாதிருக்கட்டும். ஆபீசில், பகலில், கூட ஒருவர் இருக்க நடக்க முடியாத தேர்வு நடிப்புத் தேர்வல்ல.

இதோ சீட்டுகள் வந்துவிட்டன. முதல் சீட்டு: "எண் சாஸ்திரப்படி பெயரை மாற்றினால் வாய்ப்பு வருமா?" பெயரை மாற்றி வாய்ப்பு வருமானால், சாஸ்திரம் சொல்லுகிறவன் தன் பெயரை மாற்றிக்கொண்டு தானே நடிகனாகியிருப்பானே! கணேசனுக்குச் 'சிவாஜி' என்ற பெயர் நடித்த பிறகு வந்தது. சொல்ல எளிதாக இருக்கிறது என்பதற்காகப் பெயரைச் சுருக்கிக்கொள்ளுங்கள், குற்றமில்லை. இங்கிலீஷ் எழுத்தில் ஒன்றைக் கூட்ட ஐயாயிரம் ரூபாய் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது: "நாம் கடவுள் இல்லை என்கிறோம். சாமி வேஷம் கொடுத்தால் போடலாமா?" இது நல்ல கேள்வி. எனக்கே இதில் ஒரே அபிப்பிராயம் கிடையாது. திருடன் வேஷம் போடுகிறவன் திருடனல்ல. அதுபோல் சாமி வேஷம் போடுவதால் ஆத்திகனாகிவிடமாட்டான். ராதாவும் ராமன் வேஷம் போட்டார். எதற்காகப் போட்டார் என்பது நமக்குத் தெரியும். பட்டணத்தில் மூன்று மாத வாடகை பாக்கி வைத்துக்கொண்டிருக்கும் தோழரைப் பார்த்து, வருகிற வேஷத்தைத் தள்ளு என்று இந்த மேடையில் சால்வை போர்த்திக்கொண்டு சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் சாமி வேஷத்தைவிட எனக்குச் சங்கடமாய்ப் படுவது வேறு. குப்பை அள்ளுகிறவனை, கறுப்பாய் இருக்கிறவளை, மலைவாசியைக் கேலி செய்து சிரிக்க வைக்கும் வேஷம் இருக்கிறதே, அது வந்தால் வசனத்தை மாற்றச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். கேட்டவன் எல்லோரும் வேலை இழப்பதில்லை. என்.எஸ். கிருஷ்ணன் தம் பகுதியைத் தாமே எழுதிக்கொண்டார். எவனையும் நோகடிக்காமல் பூணூலையும் புராணத்தையும் சிரிக்க வைத்தார். அவர் அளவுக்கு வந்த பிறகல்லவா அது முடியும் என்பீர்கள். வாஸ்தவம்தான்.

மூன்றாவது சீட்டு ஒரு பெண் எழுதியது போலிருக்கிறது: "எங்களால் சென்னைக்குப் போக முடியாது. இங்கேயே என்ன செய்வது?" அம்மா, உங்களுக்குத்தான் நான் முதலில் பதில் சொல்லியிருக்க வேண்டும். இந்த ஊரில் ஒரு நாடகம் போடுங்கள். உங்களுக்குச் சொந்தப் பாஷை இருந்தால் அந்தப் பாஷையிலேயே போடுங்கள். இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு 1964 ஒப்பந்தத்திற்குப் பிறகு இந்தத் தோட்டங்களுக்கு வந்த குடும்பங்கள் இருக்கின்றன. மண்டபம் முகாமில் இறங்கிய பாட்டிமார்கள் இன்னும் சிலர் உயிரோடிருக்கிறார்கள். அவர்களைக் கேட்டு எழுதினாலே மூன்று மணி நேர நாடகம். பெண் வேஷத்தைப் பெண்களே போடுங்கள். ஆண்பிள்ளைக்குப் புடவை கட்டிவிடுகிற காலம் போய்விட்டது. ஆறு மாதம் ஒத்திகை பார்த்தால் யாருக்கு நடிப்பு வருகிறது, யாருக்கு வராது என்பது செலவில்லாமல் தெரிந்துவிடும். வராதவர்களுக்கு ரயில் சார்ஜ் மிச்சம்.

வாசகசாலைச் சாவி செயலாளரிடம் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திறந்து கொடுப்பதாகத் தலையசைக்கிறார். சீட்டுகள் இன்னும் இரண்டு இருக்கின்றன. குன்னூர் பஸ் வந்துவிட்டதென்று அந்தத் தோழர் கையைக் காட்டுகிறார். அவற்றுக்குப் பத்திரிகையில் பதில் எழுதிவிடுகிறேன்.